மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் மனை பார்த்து, புரோக்கர் அவசரப்படுத்துகிறாரா? வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாம், நிரூபிப்பதுதான் தலைவலி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி சுதந்திரமான சம்மதம், பிரதிபலன் (பதிலுக்குத் தருவது, இங்கே மனையின் விலை), தகுதியுள்ள தரப்பினர் எல்லாம் இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது கடைசி விஷயத்தில். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பூர்வீகச் சொத்தென்றால் வாரிசுச் சான்றிதழைக் கையில் வாங்கி, ஒவ்வொருவர் வயதையும் பாருங்கள். மைனருக்குப் பங்கிருந்தால் நீதிமன்ற அனுமதி பற்றி வக்கீலிடம் கேட்காமல் பணம் எடுக்காதீர்கள். “பையன்தானே, பெரியவர் பார்த்துக்குவார்” என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு!

கிரய ஒப்பந்தத்தில் ‘விரைவில்’ என்று எழுத விடாதீர்கள், தேதி போடுங்கள். கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட அந்தத் தேதியிலிருந்து 3 வருஷம்தான் கெடு. அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள்.