உங்கள் டெஸ்க்டாப், உங்கள் கைவாக்குக்கு

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டு மாமி போன வாரம் கூப்பிட்டார். கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்த பிறப்புச் சான்றிதழ் கணினியில் எங்கோ இருக்கிறது, கண்ணில் படவில்லை. திரை முழுக்க ஐகான்கள். பின்னால் காலிமுகத் திடலின் மாலைச் சூரியன். அந்த வெளிச்சத்தில் வெள்ளை எழுத்துப் பெயர்கள் கரைந்து போயிருந்தன. அன்று இருவரும் செய்ததையே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் பின்னணிப் படத்தை மாற்றுங்கள். கருநீலம் போன்ற ஒற்றை நிறம் போதும்.

அடுத்து, வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'பழையவை' என்று ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்குங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம். சிதறிக் கிடக்கும் கோப்புகளை மவுஸால் வளைத்துப் பிடித்து அதற்குள் இழுத்து விடுங்கள். இன்றைக்கு எதையும் அழிக்க வேண்டாம்.

"தம்பி, இதை அழிச்சா வேர்டும் போயிடுமோ?" என்று மாமி ஒரு ஐகானைக் காட்டிக் கேட்டார். நல்ல கேள்வி. ஐகானின் இடது கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட், வெறும் வழிகாட்டிப் பலகை. அழித்தாலும் மென்பொருள் அப்படியே இருக்கும். அம்புக்குறி இல்லாத கோப்பு அசல். அதில்தான் கவனம் வேண்டும்.

இனி அவரவர் விருப்பம். ரைட் கிளிக், 'வியூ', அதில் 'ஆட்டோ அரேஞ்ச்' டிக்கை எடுத்துவிட்டால் ஐகானை விரும்பிய இடத்தில் வைக்கலாம். புதிதாக வரும் கோப்புகள் இடப்பக்கம் மேலிருந்து காலி இடத்தில் வந்து உட்காரும். அதனால் என் வேலைகளை வலப்பக்கம் வைக்கிறேன். இடப்பக்கம் எது தெரிந்தாலும் அது இன்னும் பார்க்காதது. மாமிக்கு இது சரிவரவில்லை. எல்லாம் இடப்பக்கமே, அதுவும் பெரிதாக வேண்டும் என்றார். கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஐகான்கள் பெரிதாகும். சரி, அப்படியே செய்தோம்.

பில்களுக்குத் திகதியை முன்னால் போடுங்கள்: '2025-03-14 கரண்ட் பில்'. ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டெஸ்க்டாப்பில் இருப்பவை வழக்கமாக, விண்டோஸ் இருக்கும் அதே சி டிரைவில்தான் இருக்கின்றன. கணினியைத் திருத்தக் கொடுத்து, அங்கே சி டிரைவைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அவையும் போய்விடும். எனக்கு இரண்டு வருடப் படங்கள் இப்படித்தான் போயின. சான்றிதழ்களுக்கு பென் டிரைவில் ஒரு பிரதி கட்டாயம்.

எத்தனை ஜன்னல்கள் திறந்திருந்தாலும் விண்டோஸ் விசையுடன் 'டி' அழுத்தினால் டெஸ்க்டாப் தெரியும்.

அப்புறம், அந்தச் சான்றிதழ்? 'பழையவை' ஃபோல்டரைத் திறந்து, 'வியூ'வில் மிகப் பெரிய ஐகான்களைத் தெரிவு செய்ததும் படங்களாகவே தெரிந்தன. 'ஸ்கேன்0003' என்ற பெயரில் கிடந்தது. மாமி எஃப்2 விசையை அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, தானே பெயர் மாற்றினார்.