ஊர்ப் பெயரிலிருந்து குழந்தைக்குப் பெயர் எடுப்பது எப்படி?

‘செந்தில்’ என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அது ஓர் ஊரின் பெயர் என்பது பலருக்கு நினைவிருக்காது. ‘வெண்தலைப் புணரி அலைக்கும் செந்தில்’ என்று புறநானூற்றின் 55ஆம் பாட்டு சொல்வது இன்றைய திருச்செந்தூரைத்தான். பழனி, சிதம்பரம், அண்ணாமலை, தணிகாசலம் எல்லாம் இதே வழியில் வந்தவை. அந்த வழியிலேயே போனால் உங்கள் ஊரிலும் ஒரு பெயர் கிடைக்கும்.

படி 1: பட்டியல்

அப்பா ஊர், அம்மா ஊர், பாட்டி பிறந்த ஊர், குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர் என்று எட்டுப் பத்துப் பெயரை எழுதுங்கள். பக்கத்து ஆற்றையும் மலையையும் விட்டுவிடாதீர்கள். பெண் குழந்தைக்கு ஆற்றுப் பெயர்தான் எளிது: பொன்னி (காவிரி), வைகை, பொருநை (தாமிரபரணி) மூன்றையும் ஒன்றும் மாற்றாமல் அப்படியே வைக்கலாம். நட்சத்திர எழுத்து பார்க்கிற வீடாக இருந்தால் அந்த எழுத்துகளை இப்போதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்தபின் எழுத்துக்காகப் பெயரை வளைத்தால் பொருள் போய்விடும்.

படி 2: உரித்தல்

முன்னால் உள்ள ‘திரு’வையும் பின்னால் உள்ள ஊர், பட்டி, குறிச்சி, பாளையம், புரம் போன்றவற்றையும் எடுத்துவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். கடம்பூரில் கடம்பு மிஞ்சும்; கடம்பன். திருவிடைமருதூரில் மருது மிஞ்சும், மருதன். மிஞ்சுவது ஒரு சாதிப் பெயராகவோ பழைய ஜமீன்தார் பெயராகவோ இருந்தால் அந்த ஊரை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ரொம்பவும் உரித்துவிடக் கூடாது. திருவாரூரில் ‘ஊர்’ என்பதையும் வெட்டினால் கையில் ஒன்றும் நிற்காது. ‘திரு’வை மட்டும் எடுத்தால் ஆரூர், ஆரூரன். சுந்தரருக்கு நம்பி ஆரூரன் என்றுதான் பெயர்.

படி 3: பழைய பெயரைத் தேடுதல்

இன்றைய பெயர் சரிப்படவில்லையென்றால் தேவாரத்திலும் சங்கப் பாட்டிலும் அந்த ஊருக்கு என்ன பெயர் என்று பாருங்கள். வேதாரண்யம் அங்கே மறைக்காடு, விருத்தாசலம் முதுகுன்றம். விருத்தாசலம் என்று பெயர் வைத்த தலைமுறை ஒன்று உண்டு, திரு.வி.க.வின் தந்தை பெயரும் அதுதான். பொருள் ‘பழைய மலை’. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு அது கொஞ்சம் கனம். அதைவிடப் பூங்குன்றன் எவ்வளவோ இலகு. கணியன் பூங்குன்றனாரின் ஊரான பூங்குன்றம் இன்று சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி.

படி 4: பொருள் பார்த்தல்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஊருக்கு அழகாக இருக்கும் சொல் ஆளுக்கு ஒத்துவராமல் போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். முதல் பொருளோடு நிறுத்தாமல் எல்லாப் பொருளையும் படியுங்கள்.

வஞ்சி என்றால் சேரர் தலைநகர், கொடி, பெண், எல்லாம் சரிதான். ஆனால் ‘ஏமாற்று’ என்ற ஏவலும் அதே சொல்தான். கூடல் மதுரையின் பழம்பெயர். அகராதியில் புணர்ச்சி என்ற பொருளும் இருக்கிறது. குற்றாலத்துக்குப் பக்கத்து இலஞ்சி, குளத்தையும் மகிழமரத்தையும் குறிக்கும் நல்ல சொல். பள்ளிக்கூடத்தில் அது இரண்டே நாளில் ‘லஞ்சம்’ ஆகிவிடும். கொல்லி மலை எத்தனை அழகாக இருந்தாலும் ‘கொல்லி’ வேண்டாம்.

ஊர்ப் பெயருக்குச் சொல்லும் கதையையும் சொல்லின் வேரையும் தனித்தனியே வையுங்கள். ‘பழம் நீ’ என்பதுதான் பழனி ஆயிற்று என்பது கதை. அகநானூற்றின் முதல் பாட்டில் வரும் பொதினியே பழனி ஆனது என்று அறிஞர்கள் சொல்வார்கள். கதை பிடித்திருந்தால் அதற்காகவே பெயர் வைக்கலாம். பிள்ளை பெரிதாகிக் கேட்கும்போது கதையைக் கதையென்றே சொல்லுங்கள்.

படி 5: ஈறு சேர்த்தல்

உகரத்தில் முடியும் பெயரில் உகரம் கெட்டு ‘அன்’ சேரும்: மறைக்காடு, மறைக்காடன், ஐயாறு, ஐயாறன். ‘அம்’ என்று முடிந்தால் அதை எடுத்துவிட்டுச் சேருங்கள்: அரங்கம், அரங்கன். (அரங்கம் என்றால் ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்றின் நடுவே உள்ள தீவு; ஸ்ரீரங்கம் இருப்பதும் அப்படித்தானே.) ஐகாரத்தில் முடிந்தால் இன்னொரு சொல்லை ஒட்டுவது நன்றாக வரும்: தணிகைவேல், தில்லைநாயகம்.

பெண்பாலுக்கு ‘இ’யை ஒட்டி ‘ஆரூரி’ என்று செய்தால் காதில் நிற்காது. அதற்குப் பதிலாக அந்த ஊர் அம்மன் பெயரைப் பாருங்கள். மயிலாப்பூருக்குக் கற்பகம், சிதம்பரத்துக்குச் சிவகாமி, திருநெல்வேலிக்குக் காந்திமதி. குற்றாலத்து அம்மன் குழல்வாய்மொழி, சுருக்கினால் குழல்மொழி.

படி 6: கூப்பிட்டுப் பார்த்தல்

வாசலில் நின்று உரக்க மூன்று முறை கூப்பிடுங்கள். வீட்டில் எப்படிச் சுருங்கும் என்றும் பாருங்கள்: பூங்குன்றன் ‘பூங்கா’ ஆகலாம், மறைக்காடன் ‘காடா’ ஆகலாம். அந்தச் சுருக்கம் பிடிக்கவில்லையென்றால் முழுப் பெயரும் வேண்டாம்.

படி 7: பதிவு

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டாலும் பதியலாம். அதன்பின் 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே பெயருக்காக அவசரப்பட வேண்டியதில்லை.

ஆங்கில எழுத்தை மட்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஆரூரனுக்கு முதலில் ஒரு ‘ஏ’யா இரண்டா, குழல்மொழியின் ழகரத்துக்கு ‘இசட் எச்’சா வெறும் ‘எல்’லா என்று தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். சொல்லச் சொல்ல எழுதவிட்டால் எழுதுபவர் காதில் விழுந்தபடிதான் வரும். பிறகு ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து மாறி, திருத்தத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.