விதை இரை: வேகாத சோளமும் வேறு சில தவறுகளும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போயிருந்தேன். மடைக்குப் பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பையன்கள் தூண்டிலோடு உட்கார்ந்து, மீனுக்கு இரையாகக் கொண்டைக்கடலையை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். விழுகிற சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, பொடிக்கல் விழுகிற மாதிரி சளக் சளக்கென்று.

“எப்பத் தம்பி ஊறப் போட்டீங்க?”

“காலையில எந்திரிச்சதும்ண்ணே.”

அப்போது மணி எட்டுகூட ஆகவில்லை.

அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துக் கண்மாய்களில் தூண்டில் என்றால் மண்புழு, இல்லாவிட்டால் மைதா உருண்டை, புண்ணாக்கு என்றுதான் நானும் பழகினேன். இப்போது வீடியோ பார்த்து நிறையப் பேர் மக்காச்சோளம், கொண்டைக்கடலை என்று விதை இரைக்கு வந்திருக்கிறார்கள். நல்லதுதான். 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை இன்று கண்மாய்க்குக் கண்மாய் இருக்கிறது, அதன் குஞ்சுகள் மாவு உருண்டையை இரண்டு நிமிஷத்தில் கொத்திக் கரைத்துவிடும், முழுக் கடலையை ஒன்றும் செய்ய முடியாது. விதை தூண்டில் முள்ளில் நின்று பெரிய கெண்டைக்குக் காத்திருக்கும். கரையில் சத்தம் போடக் கூடாது, நிழல் தண்ணீரில் விழக் கூடாது என்பதெல்லாம் நாலு நாள் உட்கார்ந்தால் தானாகப் புரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வேகாத விதை

இதை நீளமாகத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு அறுக்கிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து ஊர்க் கண்மாயை ஏலம் எடுத்திருந்தவர், தெரிந்த பையன் என்று என்னை மட்டும் கலுங்குப் பக்கம், அதாவது கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகிற இடத்துப் பக்கம், தூண்டில் போட விட்டார். பெரிய கெண்டைகள் புரளுகிற இடம். நான் கோழித்தீவனக் கடையில் ஐந்து கிலோ மக்காச்சோளம் வாங்கி, ராத்திரி ஊறப் போட்டு, விடியற்காலையில் அண்டாவில் ஒரு கொதி விட்டு இறக்கி, மூன்று நாள் அதே இடத்தில் தூவினேன். முதல் நாள் தூண்டில் நூலில் மிதக்கிற தக்கை ஆடிக்கொண்டே இருந்தது, ஒன்றும் முள்ளில் ஏறவில்லை. இரண்டாம் நாள் ஒரே ஒரு மீன். மூன்றாம் நாள் தக்கை அசையவே இல்லை.

அடுத்த வாரம் அவர் வலை இழுத்தபோது நானும் போய் நின்றேன். மூன்று கிலோ தேறுகிற ஒரு கெண்டையைக் கரையிலேயே அறுத்தார். குடல் முழுக்க நான் போட்ட சோளம். மேல்தோல்கூடக் கிழியாமல், உப்பிப் போய், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, கோத்த மணி மாதிரி இருந்தது. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. “குஞ்சு விட்டு ரெண்டு வருஷமா வளர்த்த மீனு தம்பி” என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறு வருஷம் அந்தக் கரையில் என்னை விடவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை, எந்த முகத்தோடு கேட்பது.

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கிற பல்லால்தான் இரையை நசுக்கி விழுங்கும். இரைப்பையும் கிடையாது, விழுங்கினது நேராகக் குடலுக்குப் போய்விடும். காய்ந்த கொண்டைக்கடலையை ஊறப் போட்டால் ஏறக்குறையத் தன் எடை அளவுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பாத்திரத்தில் ஊறி முடிக்காத கடலை மிச்ச ஊறலை எங்கே போய் ஊறும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் இப்போது செய்கிற முறை இது. மக்காச்சோளத்துக்கு 24 மணி நேரம் ஊறல், ஒரு மணி நேரம்கூடக் குறைக்க மாட்டேன். கொண்டைக்கடலைக்கு 12 மணி நேரம். கம்பு, வெள்ளைச் சோளம் என்றால் ஒரு ராத்திரி. விதையைப் போல மூன்று பங்கு தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஊறி மேலே எழும்புகிற விதை தண்ணீருக்கு வெளியே நின்றுவிடும். ஊறின தண்ணீரிலேயே வேக வைக்க வேண்டும். மக்காச்சோளம் திறந்த பாத்திரத்தில் கொதி வந்த பிறகு குறைந்தது அரை மணி, பழைய சோளம் என்றால் முக்கால் மணி. கொண்டைக்கடலை குக்கரில் ஐந்தாறு விசில். அடுப்பை அணைத்ததும் வடிக்காதீர்கள். மூடி வைத்து, மறுநாள் வரை அந்தத் தண்ணீரிலேயே கிடக்கட்டும். உள்சூட்டில் இன்னும் கொஞ்சம் வேகும், தண்ணீரும் கொழகொழவென்று இனிப்பு வாடையோடு வரும். தூவும்போது அதில் ஒரு குவளை சேர்த்து ஊற்றினால் மீன் வாடை பிடித்து வரும்.

அப்புறம் பதம். மேலே இருந்து ஒன்று, அடியில் இருந்து ஒன்று எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். சுண்டலுக்கு இறக்குகிற பதத்துக்கும் ஒரு படி மேலே இருக்க வேண்டும், தோல் பிரியாமல் உள்ளே மாவாக நசுங்க வேண்டும். மக்காச்சோளத்தில் சிலது வெடித்திருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள், நடுவில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் வேகவில்லை. திரும்ப அடுப்பில் வையுங்கள். அன்றைக்குப் போக முடியாவிட்டால் பரவாயில்லை, மறுநாள் போகலாம்.

மீனுக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காகவாவது வேக வையுங்கள். கெட்டி விதையில் முள் குத்தினால் பிளந்துவிடும். குத்திவிட்டாலும் முள் முனை அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், கெண்டை வாயில் வாங்கித் துப்பிவிட்டுப் போய்விடும். எனக்கு முதல் நாள் தக்கை ஆடியும் மீன் ஏறாததற்கு இதுதான் காரணம். இங்கிலாந்துக் கெண்டைத் தூண்டில்காரர்கள் 1980 வாக்கில் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். விதையை முள்ளில் குத்தாமல், முள்ளின் தண்டில் இருந்து தொங்குகிற சின்ன நூலில் கோத்துவிடுவது. முள் வெறுமையாக இருக்கும், மீன் உறிஞ்சும்போது விதையோடு சேர்ந்து உள்ளே போய் உதட்டில் ஏறும். தங்கூசியிலேயே, அதாவது தூண்டிலுக்குப் போடுகிற நைலான் நூலிலேயே, இதைக் கட்டலாம். ஆனால் ஊசி இறங்குகிற அளவுக்கு விதை வெந்திருக்க வேண்டும்.

சாயம் பூசிய விதை

விதைப்புக்கு வாங்கி மிஞ்சின மக்காச்சோளம் வீட்டில் கிடக்கும். ரோஸ், சிவப்பு, பச்சை என்று சாயம் ஏறியிருக்கும். அது விதைநேர்த்தி மருந்து, பூஞ்சாணமும் பூச்சியும் அண்டாமல் இருக்க விதையில் பூசுகிற நச்சு. எத்தனை தடவை கழுவினாலும் தொடாதீர்கள். அந்த மீனைத் தின்னப் போவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

ஆப்பச்சோடா

போடாதீர்கள். தோல் கழன்று சவுக்காரக் கசப்பு ஏறிவிடும்.

பூஞ்சாணம் பிடித்த நிலக்கடலை

மீனுக்குத்தானே என்று சொத்தைக் கடலையை எடுத்து வருகிறார்கள். பூஞ்சாணத்து நச்சு வேக வைத்தாலும் முழுக்கப் போகாது. நீங்கள் தின்ன மாட்டீர்கள் என்றால் மீனுக்கும் வேண்டாம். ஊறின விதை இரண்டு நாளில் புளிப்பது வேறு, அந்தப் புளிப்பு வாடைக்குக் கெண்டை நன்றாக வரும். மேலே பச்சை, கறுப்பு என்று படர ஆரம்பித்தால் கொட்டிவிடுங்கள்.

மூட்டையாகக் கொட்டுவது

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த கண்மாய் பங்குனி, சித்திரையில் இடுப்பளவுக்கு வந்துவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, விடியலுக்கு முன்னால் இன்னும் குறைவு. அந்த நேரத்தில் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று கொட்டினால் தின்னாமல் கிடப்பது அழுகி, இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் இழுத்துவிடும். காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதந்தால் அதைப் பார்க்கச் சகிக்காது. நான் வேனலில் இரண்டு கைப்பிடி தூவுவேன், கொத்த ஆரம்பித்தால் இன்னொரு கைப்பிடி. வயிறு நிறைந்த மீன் உங்கள் முள்ளைத் தேடி வராது.

எல்லா மீனுக்கும் ஒரே விதை

மிருகாலுக்கு வாய் கீழ்ப்பக்கம், தரையில் மேயும். சாதாக் கெண்டையும் தரையைக் கிளறும். கீழே கிடக்கிற சோளம் இந்த இரண்டுக்கும் பொருந்தும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்தண்ணீரில் மேய்கிற மீன். அதற்குத் தரையில் கடலையைப் போட்டுச் சாயங்காலம் வரை காத்திருக்காதீர்கள், புண்ணாக்கும் தவிடும் பிசைந்து மேலே போடுங்கள். புல்கெண்டை மக்காச்சோளத்துக்கு வரும்.

விராலுக்கு விதை

தின்னாது. தவளை, சின்ன மீன்தான்.

ஊருணி

ஊர் குடிக்கிற தண்ணீர். தூண்டிலும் வேண்டாம், விதையும் வேண்டாம்.

கேட்காமல் உட்காருவது

கண்மாய் ஏலத்தில் இருக்கிறதா, யார் எடுத்திருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். போய் நேரில் கேளுங்கள், என்ன இரை போடப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெந்த விதையில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தால் அவரே நசுக்கிப் பார்த்துக்கொள்வார்.

மிச்ச விதை

கரையில் கொட்டாதீர்கள். புளிக்காமல் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்குப் போடுங்கள்.