அட்வான்ஸ் வேறு, டெபாசிட் வேறு

இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் போகும் நம்மவர்கள், தெரியாத ஆங்கிலச் சொல் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுகிறார்கள். ஊரிலேயே பழகிய சொல் என்றால் கேட்பதில்லை. பணம் போவது அங்கேதான். முன்னால் போனவர்கள் செய்த அதே தவறை அடுத்து வருபவர்களும் செய்கிறார்கள்.

அட்வான்ஸ்

சென்னையில் வீட்டு அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் தொகை. இங்கிலாந்தில் ‘ரென்ட் இன் அட்வான்ஸ்’ என்றால் வரும் மாத வாடகையை முன்கூட்டியே கட்டுவது. அந்த மாதம் முடிந்ததும் அந்தப் பணமும் தீர்ந்தது. திரும்பி வரும் தொகைக்கு அங்கே ‘டெபாசிட்’ என்று பெயர்.

“எவ்வளவு அட்வான்ஸ்?” என்று ஏஜென்டிடம் கேட்டால், முன்வாடகையைத்தான் கேட்கிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். சொன்ன தொகையைக் கட்டிவிட்டு, காலி செய்யும் நாளில் அதைத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்பது கொடுமை. ஒரே ஒரு சொல் மாற்றிக் கேட்டிருந்தால் வந்திருக்காத நஷ்டம் இது.

டெபாசிட்டுக்கு 2019 முதல் இங்கிலாந்தில் சட்ட வரம்பு உண்டு. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவென்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மாதம் 1,300 பவுண்டு என்று வையுங்கள். பன்னிரண்டால் பெருக்கினால் 15,600; அதை 52-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 300; ஆக டெபாசிட் 1,500 வரைதான். வீட்டைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் ‘ஹோல்டிங் டெபாசிட்’ ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. நீங்களாகப் பின்வாங்கினால் அதைத் திருப்பித் தராமல் இருக்கலாம்.

டெபாசிட்டை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டமொன்றில் பதிந்து, விவரத்தை உங்களிடம் எழுத்தில் தர வேண்டும். முன்வாடகைக்கு இந்தக் காப்பு கிடையாது. அதனால் ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்த பிறகே பணத்தை அனுப்புங்கள். 

“கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்பதும் அங்கே எடுபடாது. வாடகை பாக்கி என்றே எழுதுவார்கள். அடுத்த வீட்டுக்குத் தேவையான நற்சான்றும் கெடும்.

பேலன்ஸ்

கடையில் மீதிச் சில்லறை ‘சேஞ்ச்’. கணக்கில் இருப்பதும், இன்னும் கட்ட வேண்டியதும் ‘பேலன்ஸ்’.

லெண்ட், பாரோ

கடன் கொடுப்பது லெண்ட், வாங்குவது பாரோ. தமிழில் இரண்டுக்கும் ‘கடன்’ என்ற ஒரே சொல் இருப்பதால் குழம்புகிறது.

க்விட், கிராண்ட்

ஒரு க்விட் ஒரு பவுண்டு, ஒரு கிராண்ட் ஆயிரம். எண்ணோடு வரும்போது இரண்டுக்கும் பன்மை ‘ஸ்’ சேர்க்க வேண்டாம்: ‘டென் க்விட்’, ‘டூ கிராண்ட்’.

பவுன்

நம் பவுன், பழைய பிரிட்டிஷ் தங்க நாணயமான சாவரினின் எடையிலிருந்து வந்தது, 8 கிராம். நகைக் காப்பீட்டுப் படிவத்தில் பத்துப் பவுன் சங்கிலியை ‘டென் பவுண்ட்ஸ்’ என்று எழுதினால் பத்துப் பவுண்டு விலை என்றே படிப்பார்கள். 80 கிராம் என்று எழுதுங்கள்.