முறுமுறுப்பைக் கைவிட ஒரு நோட்டும் ஏழு சோடிக் கோடுகளும்

"இனிமேல் யாரையும் குறை சொல்ல மாட்டேன்" என்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று எடுக்கும் தீர்மானம் அந்த ஞாயிறு வரைகூடத் தாங்குவதில்லை. அவ்வளவு பெரிய தீர்மானத்தை எங்கே பிடித்துக்கொள்வது? வாயை மூடி விழுங்கினாலும் பயனில்லை. சாயங்காலம் வீட்டில் யார் தலையிலாவது விடியும்.

முதலில் வேதாகமத்தில் எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். அதில் இரண்டு புலம்பல்கள் உண்டு. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேல் ஜனங்கள் கூடாரவாசலில் நின்று அழுகிறார்கள். எகிப்தில் தின்ற மீனும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும் நினைவிருக்கின்றன, செங்கல் அறுத்து வாங்கிய அடி மறந்துவிட்டது. ("பழைய போதகர் காலத்திலே…" என்று நம் சபைகளில் தொடங்கும் பேச்சும் இந்த ரகம்தான்.) அவர்களை நடத்திவந்த மோசே இன்னும் கடுமையாகப் புலம்புகிறார், இந்தப் பாரத்துக்குச் சாவதே மேல் என்கிறார். ஆனால் கர்த்தரிடமே நேராகச் சொல்கிறார். பாரத்தைப் பங்கிட எழுபது மூப்பர் கிடைக்கிறார்கள். குறை இருக்கலாம், யாரிடம் சொல்கிறோம் என்பதைத்தான் மாற்றவேண்டும்.

இதற்கு ஒரு பழைய முறை உண்டு. 1544-ல் நம் குமரிக் கடற்கரை ஊர்களில் ஞானஸ்நானம் கொடுத்த சவேரியாரின் தோழரும் கத்தோலிக்க சேசு சபையைத் தொடங்கியவருமான இஞ்ஞாசியார் வகுத்தது: ஒரே ஒரு குற்றத்தை மட்டும் கவனிக்கும் ஆத்தும சோதனை. கத்தோலிக்கர் அல்லாத சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாரும் தாராளமாகச் செய்யலாம், இதில் சடங்கு எதுவுமில்லை.

நோட்டில் ஒரு பக்கத்தில் ஞாயிறு முதல் சனி வரை நாளுக்கு இரண்டாக ஏழு சோடிக் கோடுகள் போடுங்கள். மேல்கோடு மத்தியானம் வரைக்கும், கீழ்கோடு ராத்திரி வரைக்கும். பிறகு ஒரே ஒரு முறுமுறுப்பைத் தேர்ந்தெடுங்கள்: மழையில் ரப்பர் வெட்டு நின்ற நாளின் புலம்பல், மருமகளைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்வது, நாகர்கோவில் வடசேரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும் எரிச்சல். "எல்லாக் குறையும்" என்று எழுதினால் எதையும் எண்ண முடியாது.

காலையில் எழுந்ததும் சங்கீதம் 141:3: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." பகலில் வாய் தவறிய அந்த நொடியே கையை நெஞ்சில் வையுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று நிமிடம் ஒவ்வொரு மணி நேரமாக நினைத்துப் பார்த்து, தவறிய ஒவ்வொன்றுக்கும் மேல்கோட்டில் ஒரு புள்ளி. ராத்திரி கீழ்கோட்டில். அப்புறம் இரண்டு கோடுகளையும், நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடுங்கள்.

முதல் வாரம் புள்ளிகள் கூடினால் பயப்படாதீர்கள். பேச்சு கூடவில்லை, இப்போதுதான் உங்கள் காதில் விழுகிறது. புள்ளி நன்றாகக் குறையும் வரை அடுத்த குறைக்குத் தாவவேண்டாம்.

உள்ளே தேங்கியதைக் கொட்ட 13-ஆம் சங்கீதத்தை அச்சாக வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வசனம் முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. அதேபோல் உங்கள் வார்த்தையில் ஆறு வரி எழுதுங்கள். முறையீட்டில் பூசி மெழுகவேண்டாம், ஆள் பெயரோடே எழுதலாம். கடைசி இரண்டு வரி வராவிட்டால் நான்கோடு நிறுத்துங்கள். 88-ஆம் சங்கீதமும் இருளில்தான் முடிகிறது.

பலர் வழுக்குவது வீட்டு ஜெபக்கூட்டத்திலும் அன்பியத்திலும் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் கூடும் சிறு குழு). "அந்த வீட்டுக்காக ஜெபிக்கணும்" என்பதுவரை ஜெபக்குறிப்பு. "என்ன நடந்ததுன்னா…" என்று நீண்டால் அது புறணி, முழங்காலில் நின்று சொன்னாலும் ஒரு புள்ளி. சம்பந்தப்பட்டவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க முடியாவிட்டால் பெயரோடு நிறுத்துங்கள்.

நியாயமான குறை வேறு. ஒருவர் உங்களுக்குத் தப்பிதம் செய்தால் தனியாகப் போய் அவரிடமே சொல்லச் சொல்கிறது மத்தேயு 18:15. அப்போஸ்தலர் 6-ல் பந்தி விசாரிப்பில் தங்கள் விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுத்தவர்களை யாரும் அடக்கவில்லை. ஏழுபேரை நியமித்துச் சரிசெய்தார்கள். கூலியைக் குறைத்தார்கள், வீட்டில் அடி விழுகிறது என்றெல்லாம் சொல்வதற்குப் புள்ளியே கிடையாது. அடிபடும் பெண்ணிடம், எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமல் செய்யச் சொல்லும் பிலிப்பியர் 2:14-ஐக் காட்டிப் பொறுத்துப் போகச் சொல்லும் ஜெபக்குழு தவறு செய்கிறது. அந்தப் பெண் அழைக்கவேண்டிய எண் 181, பெண்களுக்கான உதவி எண்.