வாத்து வயிற்றுப் புழு: அலகைக் கவனிக்காமல் செய்யும் தவறுகள்

தை மாதம் எங்கள் பக்கம் கண்மாய்க் கரையில் நின்றால் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி என்று வடக்கிலிருந்து வந்த கூட்டத்தைப் பார்க்கலாம். சீழ்க்கைச் சிறகியும் புள்ளிமூக்கு வாத்தும் இங்கேயே இருப்பவை. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே கொள்ளுகுடிப்பட்டியில் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இவ்வளவு பிரியம் வைத்திருந்தும், வாத்து வயிற்றில் புழு என்றால் "தண்ணீர் கெட்டுப்போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

நல்ல தண்ணீரிலும் புழு உண்டு. பலவகைப் புழுக்கள் தீனியோடுதான் உள்ளே போகின்றன. வாத்தின் எச்சத்தோடு புழுவின் முட்டை தண்ணீரில் விழும். நாடாப்புழுவின் முட்டையை, இறால் இனத்தைச் சேர்ந்த கடுகளவுகூட இல்லாத உயிர்கள் விழுங்கும். தட்டைப்புழுவின் குஞ்சு நத்தைக்குள் புகுந்து பெருகும். அவற்றை வாத்து தின்றதும் புழு குடலில் வளரும்.

அதனால் எந்த வாத்து எதைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும். தட்டைவாயன் அகன்ற அலகைப் பாதி தண்ணீரில் அமிழ்த்தி வட்டமாகச் சுற்றிச் சுற்றி நீந்தும். அலகின் ஓரம் முழுக்கச் சீப்புப் பல் போன்ற தகடுகள். தண்ணீர் வெளியே போகும், சின்ன உயிர்கள் உள்ளே நிற்கும். நாடாப்புழு வர இதைவிட வசதியான வழி இல்லை. இரவில் வயலில் இறங்கி நெல் பொறுக்கும் சீழ்க்கைச் சிறகிக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனால் ஒரு வாத்தே ஆண்டு முழுக்க ஒரே தீனி தின்பதில்லை. முட்டையிடும் பருவத்தில் பெட்டைக்குப் புரதம் வேண்டும், நத்தையையும் பூச்சியையும் தேடும். குஞ்சுகள் ஆரம்பத்தில் பெரும்பாலும் பூச்சிதான் தின்னும். புழுவால் அதிகம் வாடுவதும் அவைதான்.

ஒருமுறை கண்மாய் ஓரத்துத் தட்டைச் சுருள் நத்தைகள் நாலைந்தைக் கண்ணாடி டம்ளரில் போட்டு வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நூல் நுனியளவு வெள்ளைத் துகள்கள் தாமாகவே துள்ளத் தொடங்கின. தட்டைப்புழுக் குஞ்சுகள்! வாத்து, மாடு இவற்றின் ரத்தக்குழாயில் வாழும் சில வகைகள் நம் தோலிலும் துளைத்து நுழையும். அங்கேயே செத்துவிடும், அரிப்புதான் மிச்சம். ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் நின்றுவிட்டு உடம்பு தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள். கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடையுங்கள்.

நத்தைதான் காரணம் என்று தெரிந்ததும் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றலாம் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். மீனும் தவளைக்குஞ்சும் சாகும், வாத்துக்குத் தீனியே இருக்காது.

செத்த வாத்தில் புழுவைப் பார்த்துவிட்டு அதுதான் கொன்றது என்று முடிவு கட்டுவதும் தவறு. நல்ல திடமான காட்டு வாத்தின் வயிற்றிலும் புழு இருக்கும். நாலைந்து பறவைகள் சேர்ந்தாற்போல் செத்துக் கிடந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். தொடாமல் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். "நன்றாக வேகவைத்தால் புழு செத்துவிடும்" என்று காட்டு வாத்துக் கறி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். புழு சாகும், சரி. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டையே குற்றம்.

அப்புறம் வீட்டு வாத்து வளர்க்கிறவர்களுக்கு: காட்டு வாத்து இறங்கும் கண்மாயில் குஞ்சுகளை மேயவிடாதீர்கள். இளைத்துப்போனால் கோழிக்கு வாங்கிய பைப்பரசின் மருந்தையே ஊற்றிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அது உருளைப்புழுவுக்கான மருந்து, நாடாப்புழுவையும் தட்டைப்புழுவையும் ஒன்றும் செய்யாது. காலையில் விழுந்த எச்சத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். நுண்ணோக்கியில் புழுவின் முட்டையைப் பார்த்து எந்தப் புழு என்று சொல்வார். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் வாத்து முட்டையைச் சாப்பிடக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.