மேடைப் பயம்: கச்சேரிக்குப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிக்கிற பிள்ளைக்கு மேடைக்குப் பஞ்சமில்லை. தமிழ்த்தினப் போட்டி, பாடசாலை வாணி விழா, வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சை, கோயில் திருவிழாக் கச்சேரி, கடைசியில் அரங்கேற்றம். நான் வயலின் பக்கவாத்தியம் வாசிக்கிறவன். பாடுகிறவருக்குக் கிட்டவே இருப்பதால் சபைக்குத் தெரியாத நடுக்கம் எனக்குத் தெரியும். தாளம் போடுகிற விரல்கள் தொடையை விட்டு எழும்ப மறுக்கும். முதற் பாடலான வர்ணம் தொடங்க முன்பே உதடு காய்ந்துவிடும். நாங்கள் ஒரு காலத்தில் விட்ட பிழைகளையே இந்தப் பிள்ளைகளும் வரிசை மாறாமல் விடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நன்றாக நித்திரை கொள்ளுங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், சாதகம் செய்யாமல் மேடை ஏறாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பயம் போகட்டும் என்று காத்திருப்பது

போகாது. சபையைக் கண்டதும் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கிற சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. தோலுக்குப் போகிற இரத்தம் குறைவதால் விரல் நுனி குளிர்கிறது, எச்சில் வற்றுகிறது, மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. இது பலவீனமோ சாதகக் குறைவோ அல்ல. உடம்பு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

‘பயப்படாதே’ என்று சொல்வதால் இது அடங்காது. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடப் போகிறவர்களில் சிலரை ‘எனக்குப் பதட்டமாக இருக்கிறது’ என்றும், வேறு சிலரை ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்றும் வாய்விட்டுச் சொல்லச் செய்தார்கள். உற்சாகம் என்று சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்கள். பதட்டத்திலும் உற்சாகத்திலும் நெஞ்சு ஒரே மாதிரித்தான் அடிக்கிறது. அதை அடக்கப் பார்ப்பதை விட, அதற்கு வேறு பெயர் வைப்பது சுகம். ஆகவே மேடைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையிடம் ‘பயமாக இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘பாடுவதற்கு ஆசையாக இருக்கா?’ என்று கேளுங்கள்.

வர்ணத்தை விட்டுவிட்டுக் கனமான உருப்படியில் தொடங்குவது

நேரம் போதாது என்பார்கள். இல்லாவிட்டால், வர்ணம் சின்னப் பிள்ளைகள் பாடுவது என்பார்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்ததாகச் சொல்லப்படுகிற கச்சேரி முறையில் வர்ணம் முதலில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் கற்பனைக்கு வேலையில்லை. சாகித்தியம் குறைவு, சுரம் அதிகம், கையும் தொண்டையும் பல வருடமாகப் பழகிய பாதை. பயத்தின் உச்சம் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களோடு இறங்கத் தொடங்கும். அந்த நிமிடங்களை வர்ணம் வாங்கிக்கொள்ளும். வயலின்காரருக்கு இது இன்னும் முக்கியம். நடுங்குகிற கையால் மெதுவான நீண்ட வில் இழுத்தால் நடுக்கம் முழுவதும் ஒலியில் கேட்கும். மத்திம காலத்தில் கொஞ்சம் அழுத்தி, வேகமாக இழுத்தால் கேட்காது.

நெஞ்சு அடிக்கிற வேகத்தில் எடுப்பது

பயத்தில் எடுக்கிற காலப்பிரமாணம் (பாடும் வேகம்) எப்போதும் ஒரு படி கூடத்தான் இருக்கும். பாட்டின் முதற்பகுதியான பல்லவியில் அது தெரியாது. கட்டிவைத்த சுரவரிசையான சிட்டைசுரத்துக்கு வரும்போது மூச்சு முட்டும். எடுக்க முன்பு அந்த உருப்படியில் உங்களுக்கு ஆகக் கடினமான இடத்தை மனதுக்குள் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) பாடிப் பாருங்கள். அந்த இடம் எந்த வேகத்தில் சுகமாக வருகிறதோ அதே வேகத்தில் கையை வையுங்கள். பிறகு பல்லவியை எடுங்கள்.

பிழை வந்த இடத்தில் நிறுத்துவது

இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆறாது.

ஒரு அரங்கேற்றம். பெரிய மண்டபம், லண்டனிலும் கனடாவிலும் இருந்து வந்த சொந்தக்காரர்கள், வராதவர்களுக்காக ஒருவர் போனை உயர்த்திப் பிடித்து நேரலை காட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளை நல்ல சுருதி சுத்தத்தோடு பாடி வந்தாள். மிஸ்ர சாபு தாளத்தில் பிரதான உருப்படி. பல்லவிக்கு அடுத்து வருகிற அனுபல்லவியின் இரண்டாம் வரியில் ஒரு சொல் வரவில்லை. நிறுத்திவிட்டாள். முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த குருவைப் பார்த்தாள், அவர் முகம் சுருங்கியது. ‘சொறி’ என்று மைக்கில் சொல்லிவிட்டு பல்லவியிலிருந்து திரும்பத் தொடங்கினாள். மிருதங்கக்காரர் கையை எடுத்து மறுபடி வைத்தார். அதே அனுபல்லவி, அதே இரண்டாம் வரி, அதே சொல். மறுபடியும் இல்லை. நான் அந்த வரியின் சுரங்களை வயலினில் எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு அது கேட்கவில்லை. வயலினைக் கேட்டு வரியைப் பிடிக்கலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அழுதுகொண்டே முடித்தாள். அதன் பிறகு அவளை எந்த மேடையிலும் நான் காணவில்லை.

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. அவள் வகுப்பில் பழகியதைத்தான் மேடையிலும் செய்தாள். எங்கள் வகுப்புகள் பலவற்றில் நடப்பது என்ன? பிள்ளை பாடும், பிழை வரும், ‘நிப்பாட்டு, முதலில் இருந்து வா’ என்று ரீச்சர் சொல்லுவா. கிழமைக்குக் கிழமை, வருடக்கணக்காக. பிழை வந்ததும் நிறுத்த வேண்டும், முதலுக்குப் போக வேண்டும் என்று உடம்புக்கு நாங்களே பழக்குகிறோம். தொடர்ந்து போவதற்கு ஒரு நாளும் பழக்குவதில்லை. பள்ளிக்கூடப் படலையிலிருந்து மட்டும் வீட்டுக்குப் போகத் தெரிந்த பிள்ளையை நடுச்சந்தியில் இறக்கிவிட்டது போலத்தான் அந்த அனுபல்லவி. முதலிலிருந்து வந்தால் திரும்பத் திரும்ப அதே பள்ளத்தில்தான் விழ வேண்டும். வேறு வழி அவளுக்குத் தெரியாது.

இதன் விலை சின்னது அல்ல. அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 1967இல் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் பாடும்போது வரிகளை மறந்தார். அந்தப் பயத்தில் ஏறக்குறைய 27 வருடம் கட்டணக் கச்சேரிகளைத் தவிர்த்தார். பெயர் பெற்ற பாடகிக்கே இப்படி என்றால் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

இத்தனைக்கும், மறந்தால் ஒதுங்க எங்கள் சங்கீதத்தில் இடம் குறைவு அல்ல. ஒரு வரியைப் பல தடவை பாடுவது எங்கள் வழக்கம். அடுத்த வரி வரவில்லையா, வந்த வரியையே இன்னொரு சங்கதியாக, கொஞ்சம் மாற்றிப் பாடுங்கள். அதற்குள் நினைவு வராவிட்டால் சொல்லை விட்டு ‘ஆ’ என்ற அகாரத்தில் இராகத்தைப் பிடித்துக்கொண்டு ஆவர்த்தனத்தை முடியுங்கள். அதுவும் முடியாவிட்டால் பல்லவி எடுப்புக்கு வந்துவிடுங்கள். தாளம் மட்டும் கையை விட்டுப் போகக் கூடாது. தாளம் இருந்தால் மிருதங்கக்காரர் உங்களோடு இருப்பார், நானும் இருப்பேன். சபையில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதும் நடந்ததாகவே தெரியாது. மிருதங்கம் வாசிக்கிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். மிருதங்கம் தனித்து வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில், முடிப்பான கோர்வையின் கணக்கு உதைத்துவிட்டால், அந்த இடத்திலேயே அதைச் சரிக்கட்டப் போகாதீர்கள். தாளத்தோடு எளிதாக ஓடுகிற சர்வலகுவுக்கு வந்து, தாளம் தொடங்குகிற சமத்தைப் பிடியுங்கள், பிறகு அந்தக் கோர்வையைப் புதிதாக எடுங்கள்.

ஆனால் மேடையில் இது திடீரென்று வராது. வகுப்பில் பழக்க வேண்டும். சாதகத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று திருத்துகிற சாதகம். அதில் எவ்வளவும் நிறுத்தலாம், ஒரு பிடியை நூறு தரம் பாடலாம். மற்றது ஓட்டிப் பார்க்கிற சாதகம். அதில் கூரை விழுந்தாலும் நிறுத்தக் கூடாது. கச்சேரிக்கு முந்தைய கிழமைகளில் இரண்டாவதே அதிகமாக இருக்க வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு உருப்படியிலும் நுழையக்கூடிய இடங்களைக் குறியுங்கள். பல்லவி, அனுபல்லவி, அனுபல்லவி இரண்டாம் வரி, சரணத் தொடக்கம், சரண நடு, சிட்டைசுரம் என்று. அவற்றைத் துண்டுக் கடதாசிகளில் எழுதிக் கலக்குங்கள். பிள்ளை ஒன்றை எடுத்ததும் தாளத்தைப் போட்டு அங்கிருந்து தொடங்கட்டும். முதல் நாள் திக்கித் திணறும். கொஞ்ச நாளில் எந்த இடத்திலிருந்தும் வரும். பாடிக்கொண்டிருக்கையில் வேண்டுமென்றே குறுக்கே நடங்கள், போனை அடிக்க விடுங்கள், சுருதிப் பெட்டியை நிறுத்துங்கள். கடைசியாக, கச்சேரிக்கு முன்பு வயலின்காரரோடு ஒரு தடவையாவது இருந்து, ‘மறந்தால் உங்களைப் பார்ப்பேன்’ என்று பேசி வையுங்கள். இப்படி வந்து கேட்கிற பிள்ளைகள் மிகக் குறைவு. கேட்டால் எந்தப் பக்கவாத்தியக்காரரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

குருமார்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் பிள்ளை பிழை விட்டால் உங்கள் முகத்தில் அது தெரியக் கூடாது. பிள்ளை முதலில் பார்ப்பது உங்களைத்தான்.

மைக்கில் ‘சொறி’ சொல்வது

வேண்டாம்.

அடுத்தவர் கொடுக்கிற குளிசை

‘இதைப் போட்டால் கை நடுங்காது’ என்று புரோப்ரனலோல் குளிசையை ஒருவருக்கொருவர் கொடுப்பது இசைக்காரர் மத்தியில் உலகமெங்கும் உண்டு. இந்த வகை மருந்துகள் நடுக்கத்தைக் குறைப்பது உண்மை. 1977இலேயே தந்தி வாத்தியக்காரரிடம் சோதித்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அட்ரினலின் நெஞ்சில் போய்ச் செய்கிற வேலையை அவை தடுக்கின்றன. ஆனால் இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவருக்கு அதே குளிசை மூச்சுக்குழாயை இறுக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நாடித்துடிப்புக் குறைவானவர்களுக்கும் ஆகாது. வேண்டுமென்றால் வைத்தியரிடம் போய்ச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். மறந்த வரியை எந்தக் குளிசையும் கொண்டுவந்து தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேடையேற முன்பு கடும் கோப்பி

ஏற்கெனவே துடிக்கிற நெஞ்சை இன்னும் துடிக்க வைக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும்.

குளிரூட்டிய மண்டபத்தை மறப்பது

வீட்டில் வியர்க்க வியர்க்கச் சுருதி சேர்த்த வாத்தியம் குளிரூட்டிய அரங்கில் அப்படியே நிற்காது. மிருதங்கத் தோலும் தந்தியும் மாறும். பயந்த விரல் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். நேரத்தோடு போய் வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து மேடையில் வையுங்கள். ஒலி அமைப்பாளரிடம் சுருதி உங்கள் பக்க ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்று வாய் திறந்து சொல்லுங்கள். சுருதி கேட்காத பாடகருக்குப் பயம் இரட்டிப்பாகும்.

அரங்கேற்றமே முதல் மேடையாக இருப்பது

அளவெட்டி, இணுவில் பக்கத்து நாதஸ்வர தவில் குடும்பங்களில் பிள்ளை எப்படி மேடைக்கு வருகிறது என்று பாருங்கள். முதலில் பெரியவர்களுக்குப் பக்கத்தில் நின்று தாளம் தட்டும், சுருதி பிடிக்கும். திருவிழாவுக்குத் திருவிழா சனத்துக்கு நடுவில், பொறுப்பு ஏதும் இல்லாமல் நிற்கும். வாத்தியத்தைக் கையில் எடுக்கிற நாளில் சபை அதற்குப் புதிதாக இருக்காது. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைத் தந்த மரபு அது. வாய்ப்பாட்டுப் பிள்ளைகளை நாங்கள் அறைக்குள் வைத்துப் பல வருடம் படிப்பித்துவிட்டு, ஒரே நாளில் சில நூறு பேருக்கு முன்னால் கொண்டுபோய் இருத்துகிறோம்.

இங்கே அதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஊர்க் கோயில் பூசையில் பஞ்சபுராணம் பாட விடுங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்று ஐந்தே பாடல்தான். மைக் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்கிறவர்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள், ஒருவரும் புள்ளி போட மாட்டார்கள். வெள்ளிக்கு வெள்ளி அதைப் பாடி வருகிற பிள்ளையின் குரலில் ஒரு வருடத்தில் வருகிற உறுதியை நான் கண்டிருக்கிறேன். அதன் பிறகு வாணி விழா, பிறகு இன்னொருவர் கச்சேரியில் பின்பாட்டு, பிறகு அரை மணி நேரக் கச்சேரி. இவ்வளவும் முடிந்த பிறகு யாழ்ப்பாணத்துப் பெரிய அரங்கான வீரசிங்கம் மண்டபத்தை எடுக்கலாம்.

மேடைக்குப் பின்னால் பெற்றோர்

கடைசி நேரத்தில் ‘அந்தச் சரணத்தை ஒருக்கால் பாடிக் காட்டு’ என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு சொல் சறுக்கினால் பிள்ளை அந்தச் சறுக்கலோடுதான் மேடை ஏறும். யார் யார் வந்திருக்கிறார்கள், யார் கனடாவில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற விவரமும் வேண்டாம். சேலைக் கரை, பூ எல்லாவற்றையும் அரை மணி நேரத்துக்கு முன்பே பார்த்து முடியுங்கள். தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் போய் இருங்கள். முன்வரிசையில் வேண்டாம், பிள்ளையின் கண்ணில் படாத ஒரு நடு வரிசையில் இருந்து கேளுங்கள்.